மாலை போடாத படம்

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சின்ன அருங்காட்சியகம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் யூதக் குடும்பங்கள் வேட்டையாடப்பட்டதைப் பற்றிய கண்காட்சிக்குத் தமிழில் விளக்கம் எழுதித் தரக் கேட்டார்கள். எமில் என்ற பன்னிரண்டு வயதுப் பையனின் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி: 1942க்குப் பிறகு தகவல் இல்லை; கொல்லப்பட்டதாகவே கொள்ளப்படுகிறான். தமிழில் இரண்டாவது வரி பலகைக்குள் அடங்கவில்லை. வெட்டிவிட்டேன். நம்முடைய சொற்கள் நீளம், நான் என்ன செய்ய?

2

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘ஸ்காபரோவில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது, வரலாற்றின் மீதும்...’

சீ. கனடாவில் இருந்து எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம். கனகாம்பிகை அன்ரியில் தொடங்குவோம்.

(அன்ரியை வாசகர் நம்புவாரா என்று எனக்கே சந்தேகம். திருகோணமலைக்காரர், கண்காட்சித் தொண்டர், யாரையும் கேட்டு எதையும் செய்து பழக்கமில்லாதவர்.)

திறப்பு விழாக் காலையில் அன்ரி, எமிலின் தாய் தகப்பன் படங்களுக்குப் பூமாலை போட்டுச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். செத்தவர்களின் படத்தை வெறுமையாக விடலாமா? பொறுப்பாளர் நடாஷா தலையில் கைவைத்தார். கழற்றுவதற்குள் ஈடித் வந்துவிட்டார். எமிலின் தங்கை, வயது எண்பத்தெட்டு. அந்த வீட்டில் மிஞ்சியவர் அவர் மட்டும்தான்.

3

ஈடித் கோபப்படவில்லை. பூவைத் தொட்டுப் பார்த்தார். அண்ணனுக்கு மட்டும் ஏன் இல்லை என்று என்னைக் கேட்டார். நான் அன்ரியைக் கேட்டேன்.

“காணேல்லை எண்டுதானே நீங்கள் எழுதியிருக்கிறியள், தம்பி. காணாமல் போனவைக்கு நாங்கள் மாலை போடுறேல்லை.”

அன்ரியின் மகன் கோணேஸ்வரன் 2007இல் காணாமல் போனவன். வீட்டில் அவன் படத்துக்கும் மாலை கிடையாது. வெட்டிய வரியையும் சேர்த்து, இருவரிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஈடித், எண்பது வருடத்தில் தன் அண்ணனுக்காகக் காத்திருந்த முதல் வெளியாள் இவர்தான் என்றார்.

4

முடிவு ஒன்று: நான் வெட்டிய வரியை அச்சடித்துப் பலகையில் ஒட்டச் சொல்கிறார் நடாஷா; ஒட்டுகிறேன். அவர் சொல்வது நியாயம்தான். கொன்றதைச் சொல்லாத கண்காட்சி எதற்கு? எமிலுக்கும் மாலை விழுகிறது. அன்ரி வீட்டுக்குப் போய் மகன் படத்துக்கு முன்னால் நிற்கிறார்.

முடிவு இரண்டு: ஒட்டவில்லை. எமில் ஆங்கிலத்தில் மட்டும் சாகிறான். கொன்றவர்கள் தமிழில் தப்பிவிடுகிறார்கள். அதுவும் என் தயவில்.

முடிவு மூன்று: ஈடித் மெல்ல மாலையை எடுத்து...

இல்லை. இதை எழுத எனக்கு வாயுமில்லை, வக்குமில்லை.

வரி அச்சாகி வந்துவிட்டது. பின்பக்கம் பசையும் இருக்கிறது. பிடியுங்கள். ஒட்டுவதோ கிழிப்பதோ உங்கள் பாடு. என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். அன்ரி உங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். அவரிடம் சொல்லுங்கள்.