ரத்தான தீர்ப்புக்கு மூன்று அங்குலம்

பெத்துராஜின் உயரம் முதன்முதலாக மூன்று அங்குலம் குறைந்தது ஒரு திங்கட்கிழமை மாலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. அப்போது அவர் டாலிகஞ்ச் மார்க்கெட்டில் தன் கடையில் கால் கிலோ காரச்சேவு நிறுத்துக்கொண்டிருந்தார். அதே நிமிடத்தில் ஜாதவ்பூரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அவர் மகள் மஞ்சுளா வரிச் சட்ட ஆய்வு வகுப்பில் தன் முதல் மனுவில் கையெழுத்துப் போட்டு ஆசிரியரிடம் நீட்டினாள். அவள் அதில் ஆதாரமாகக் காட்டியிருந்த தீர்ப்பை மேல் நீதிமன்றம் ஆறு வருடங்களுக்கு முன்பே ரத்து செய்திருந்தது. ஐந்தடி ஆறு அங்குலமாக இருந்த மனிதர் ஐந்தடி மூன்று அங்குலமானார். காரச்சேவு வாங்க வந்த பெங்காலி அம்மாள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியே கால் கிலோ முறுக்கும் போடச் சொன்னாள்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததல்ல. வகுப்பு நடத்திய தீபக் சான்யால் முதல் நாளே விகிதங்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். தீர்ப்பின் தலைப்புக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு உள்ளே படிக்காமல் மேற்கோள் காட்டினால் ஓர் அங்குலம். ரத்தான தீர்ப்புக்கு மூன்று. வாபஸ் வாங்கப்பட்ட சுற்றறிக்கைக்கு நான்கு. வழக்கின் வருடத்தில் அமலில் இல்லாத சட்டத்துக்குப் பத்து. குறைவது மாணவருக்கு அல்ல, அவர் யாருக்காக மனு எழுதுகிறாரோ அவருக்கு. அதனால்தான் ஒவ்வொருவரும் உண்மையான வழக்கு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. கற்பனை வழக்கில் பிள்ளைகள் அசட்டையாக இருக்கிறார்கள் என்று சான்யால் சொன்னார். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவருடைய முதல் கட்சிக்காரர் ஹவுராவில் ஒரு லேத் பட்டறை முதலாளி, இப்போது ஒரு பிஸ்கட் டின்னில் உட்கார்ந்து பட்டறையை நடத்துகிறார் என்று சொல்வார்கள். டின் அல்ல, செருப்புப் பெட்டி என்போரும் உண்டு. இரண்டில் எது சரி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மஞ்சுளாவின் வழக்கு கூழ்வத்தல் பற்றியது. பெத்துராஜும் மனைவி ராஜம்மாவும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடங்களாக மாடியில் வத்தல் பிழிந்து காயவைத்து விற்றவர்கள். அப்பளத்துக்கு வரி இல்லை என்பதால் வத்தலையும் அந்தக் கணக்கிலேயே காட்டியிருந்தார்கள். வத்தல் அப்பளம் ஆகாது, அது அரிசி மாவால் செய்த வேறு பண்டம் என்று நோட்டீஸ் வந்தது. வரியும் வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்டினால் கடை போய்விடும். மேல்முறையீட்டுக்கு வக்கீல் சொன்ன பீஸைக் கேட்டதும் பெத்துராஜே மகளை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். ஒருமுறை பெயர் பதிந்துவிட்டால் அந்த வழக்கை வேறு யாரும் எடுக்க முடியாது. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் அது இருந்தது. அவர் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மஞ்சுளா ஒழுங்கானவள். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்தாள் என்று தேதி போட்டு எழுதிவைத்தாள். முதலில் சட்டம், பிறகு அறிவிப்பு, பிறகு சுற்றறிக்கை, கடைசியில் தீர்ப்பு என்ற வரிசையை ஒரு நாளும் மாற்றவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஓர் ஆதாரம் போதாதோ என்று இரண்டாவதைச் சேர்ப்பாள், அது பலவீனமாகத் தெரிந்தால் மூன்றாவதைச் சேர்ப்பாள். சேர்த்தவற்றில் ஒன்று செத்ததாக இருக்கும். முதல் வருடத்தில் தலைப்புக் குறிப்பினால் மட்டும் எட்டு அங்குலம் போயிற்று. பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம் வாபஸான சுற்றறிக்கை ஒன்றில் நான்கு. பெத்துராஜ் நான்கடி மூன்று அங்குலத்தில் நின்றார். கடைக்கு வருகிறவர்கள் அண்ணன் என்ற பொருளில் 'தாதா' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் விரலால் காட்டி வாங்கத் தொடங்கினார்கள்.

ராஜம்மா பேண்டுகளின் கால்களை வெட்டித் தைத்தாள். "வெட்டுன துண்ட எல்லாம் பையில போட்டு வச்சிருக்கேன். வளந்தா ஒட்டுப் போட்டுக்கலாம்" என்றாள். பெத்துராஜ் கல்லாவுக்குப் பின்னால் எண்ணெய் டின்னில் ஏறி நின்றபடி மகளைப் பார்த்தார். "ஏட்டி, நீ எழுதிப் பழக நான் என்ன சிலேட்டா?"

"இந்தத் தடவ சரியா வரும்ப்பா. மூணு தடவ செக் பண்ணிட்டேன்."

"போன தடவயும் இதத்தான சொன்ன. அன்னைக்கு என் கைக்கு ஆணியில கெடக்குற சாவியாவது எட்டுச்சு."

வகுப்பில் அவளோடு படித்த மாதவ், துறைமுகத்தில் வேலை செய்பவரின் மகன், மைத்துனருக்காக எழுதி மொத்தமே ஓர் அங்குலம்தான் இழந்திருந்தான். "இன்னும் ரெண்டு மனு போடு மஞ்சு. அங்கிள என் சைக்கிள் கேரியர்லயே கூட்டிட்டு வந்துடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுளாவும் சிரித்தாள் என்று வகுப்பில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். மறுவாரம் கொடுத்த மனுவில் ரத்தான தீர்ப்புகள் இரண்டு இருந்தன. மூன்றடி ஒன்பது அங்குலம்.

அன்று வீட்டில் பெத்துராஜ் போதும் என்றார். கடை போனால் போகட்டும், மிச்சம் இருக்கிற உயரத்தோடு ஊருக்குப் போய்விடலாம் என்றார். மஞ்சுளா மேல்முறையீட்டை வாபஸ் வாங்கும் கடிதத்தை எழுதி, அதற்கு ஆதாரமான விதியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தீர்ப்பு கண்ணில் பட்டது. நாற்பத்தோரு பக்கம். வேறு மாநிலத்து வழக்கு, ஆனால் அதே வத்தல், அதே பிழியும் அச்சு, அதே வருடம். அப்பளத்தின் வடிவம் எதுவாக இருந்தாலும் அது அப்பளம்தான் என்று கடைசிப் பக்கம் சொல்லியது. முழுவதும் படித்தாள். மேல் நீதிமன்றம் தொடவில்லை. பத்தொன்பது நாட்கள் ஒவ்வொரு காலையும் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். பெத்துராஜிடம் அவள் கேட்கவில்லை.

விசாரணை நாளில் பெத்துராஜை இரண்டு தலையணை மேல் உட்காரவைத்தார்கள். மேல்முறையீட்டு அதிகாரி தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. மனுவை எடுத்து முதல் ஆதாரத்தைப் படித்தார், தலையசைத்தார். "இது போதுமே. இதோடு வழக்கு முடிந்தது" என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அங்கே இரண்டாவது ஆதாரம் இருந்தது, ஓர் அறிவிப்பு. மஞ்சுளா அதைக் கிளம்புவதற்கு முன், ஒரு பலத்துக்கு இருக்கட்டும் என்று சேர்த்திருந்தாள். வழக்கு 2019-ஆம் வருட விற்பனையைப் பற்றியது. அறிவிப்பு அமலுக்கு வந்தது 2022-இல். "இதை எதற்கு வைத்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டபோது தலையணைகள் மேலிருந்து சட்டை தளர்ந்து சரிந்தது. பத்து அங்குலம் போய் இரண்டடி பதினோரு அங்குலம். அதிகாரி மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்து, மனுதாரர் ஆஜர் என்று குறித்துக்கொண்டார்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. வத்தல் அப்பளமே, வரி இல்லை, அபராதம் இல்லை. உயரத்தைத் திருப்பித் தரும்படி மஞ்சுளா தனி மனு கொடுத்தாள். இந்த முறை ஓர் ஆதாரம்கூடக் காட்டவில்லை. உத்தரவு இன்றிலிருந்தே பொருந்தும், முன்னால் குறைந்தவற்றுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. சான்யால் அந்த வரியை அடுத்த வகுப்புக்குப் பாடமாக வைத்தார். தேர்வில் மஞ்சுளா முதலாவதாக வந்தாள். மாதவ் ரசகுல்லா வாங்கி வந்தான். பெத்துராஜ் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டார்.

கடை இப்போதும் நன்றாக நடக்கிறது. தராசைத் தரையில் வைத்துவிட்டார்கள். பழைய வாடிக்கையாளர்கள் குனிந்து பேசப் பழகிவிட்டார்கள், புதியவர்கள் கடை என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்ற மாதம் மகளும் அப்பாவும் மெட்ரோவில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். கவுண்டரில் அவள் ஒரு டிக்கெட் கேட்டபோது இடுப்பிலிருந்த பெத்துராஜ் குரல் கொடுத்தார். "எனக்கும் ஒண்ணு வாங்குட்டி. நான் என்ன சின்னப்புள்ளயா?" கவுண்டரில் இருந்தவர் கம்பிக்குள்ளிருந்து பார்த்து, மூன்றடிக்குக் கீழே இருந்தால் டிக்கெட் தேவையில்லை என்றார். பெத்துராஜ் பணத்தை நீட்டினார். கவுண்டர்காரர் அதை வாங்கவில்லை. பின்னால் வரிசை நகரச் சொல்லிச் சத்தம் போட்டது. அன்று மாலை மஞ்சுளா அந்த விதியைத் தேடிப் பார்த்தாள். முழுவதும் படித்தாள். அமலில்தான் இருந்தது, பிற்பாடு திருத்தம் எதுவும் இல்லை.