வரம்பு முடிந்த நாள்

கூலிம் ஹைடெக் பூங்காவின் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் கம்பெனி ஒன்றில் பிரிஜெட் வேலை பார்த்தாள். பஸ் எங்கே நிற்கும், இடம் மாறினால் எங்கே வர வேண்டும் என்று தொழிலாளர்களுக்குத் தகவல் அனுப்புவது அவள் பொறுப்பு. உண்மையில் அனுப்பியது ஒரு மென்பொருள்தான். அவள் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். மலாய்க்காரருக்கு மலாயில், நேப்பாளிக்கு நேப்பாளியில், தமிழருக்குத் தமிழில் அதுவே எழுதி ஒவ்வொருவர் போனுக்கும் அனுப்பிவிடும்.

மாதக் கடைசி நாள், தொழிலாளர்கள் குடியிருக்கும் மெர்போக் பக்கம் மழை கொட்டி ஆறு ஏறிவிட்டது. பஸ் உள்ளே போக முடியாது. மறுநாள் காலை எல்லாரும் பெரிய சாலை பிரியும் செமிலிங் சிம்பாங்குக்கு வர வேண்டும். பிரிஜெட் பொத்தானைத் தட்டினாள்.

'இந்த மாதப் பயன்பாட்டு வரம்பு முடிந்தது' என்று திரையில் சிவப்பாக வந்தது.

அந்த மென்பொருள் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினாள். "போன மாசம் வரைக்கும் வரம்பே இல்லையே?"

"புதிய விதிமுறை. பெரிய திட்டத்துக்கு மாறினால் இரண்டு வேலை நாளில் சரியாகும்."

"இங்க வெள்ளம். நாளைக்குக் காலையில ஜனங்க வராத பஸ்ஸுக்குத் தண்ணியில நிப்பாங்க."

"உங்கள் சிரமம் புரிகிறது. இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

மடிக்கணினியைப் படீரென்று மூடினாள். ஒவ்வொரு எண்ணாகப் போன் போட ஆரம்பித்தாள். தெரியாத நம்பர் என்றதும் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் லோகேஸ்வரி என்று பெயர் போட்டிருந்த எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

"யாரு? காசு ஏமாத்துற ஸ்கேமரா?"

"இல்லம்மா, பஸ் கம்பெனி பிரிஜெட். வச்சிடாதீங்க, ப்ளீஸ்!"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "சரிக்கா. நான் சொல்லிடறேன்."

"எல்லாருக்குமா?"

"பாக்கறேன் லா."

பிரிஜெட்டுக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் டிரைவர் அழகேசனோடு அவளும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

"யாரும் வரமாட்டாங்கண்ணே."

"வந்தா ஏத்துவோம். வரலனா திரும்புவோம்" என்றார் அழகேசன்.

சிம்பாங்கில் ஓர் ஆள்கூட இல்லை. கொஞ்ச தூரத்திலேயே சாலை தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் இடுப்பளவு வெள்ளத்தில் நின்றன. ஜெராய் மலை மேகத்துக்குள் இருந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அப்போது மரங்களுக்குள்ளிருந்து இன்ஜின் சத்தம் கேட்டது.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒரு சம்பான் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. மீன் பிடிக்கும் படகுகள். அவற்றில் தொழிற்சாலைச் சட்டையோடு பெண்களும் ஆண்களும், காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடியல் வெளிச்சம் தண்ணீரில் விழுந்து அவர்கள் முகத்தில் ஆடியது.

பிரிஜெட் தண்ணீர் ஓரம்வரை நடந்தாள். வருஷக்கணக்காக இவர்கள் அவளுக்குத் திரையில் ஓடும் பெயர்கள். ஒரு பொத்தானைத் தட்டி நகர்த்திய பெயர்கள். இத்தனை பேரா? இத்தனை முகமா?

முதல் படகிலிருந்து நனைந்த முடியோடு ஒருத்தி குதித்தாள். "நீங்கதானே அக்கா? நான் லோகேஸ்வரி."

"எப்படிம்மா இது?"

"எங்க மாமா கோயில் மைக்ல சொன்னாரு. பக்கத்து கம்போங் பாக் மான் அவங்க சூராவ்ல தொழுகைக்குக் கூப்பிடற மைக்ல சொன்னாரு. நேப்பாளி ஹாஸ்டலுக்கு யாரோ நீந்திப் போனாங்களாம், யாருன்னு எனக்கே தெரியாது. சம்பான் நாங்க கேக்கல, மீன் பிடிக்கிறவங்களே கொண்டாந்துட்டாங்க." மூச்சு வாங்கினாள். "சாந்தினி மட்டும் வரல. வீட்டுக்குள்ள தண்ணி. ஃபேக்டரில லீவு சொல்லிடுங்க."

பஸ் கூலிமை நெருங்கும்போது அத்தனை பேர் போனும் ஒரே நேரத்தில் கத்தியது. அந்த மென்பொருள் கம்பெனி இருக்கும் ஊரில் அப்போதுதான் புது மாதம் பிறந்திருந்தது; நேற்று தேங்கிய தகவலை அது இப்போது அனுப்பியிருந்தது.

"அக்கா, நம்மள செமிலிங் சிம்பாங்குக்கு வரச் சொல்லுது. திரும்பிடலாமா?" என்றாள் லோகேஸ்வரி. பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. பிரிஜெட்டும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்றே அவள் அந்தக் கம்பெனிக்குக் காரமாக ஒரு புகார் எழுதினாள். அதற்கும் 'உங்கள் சிரமம் புரிகிறது' என்றுதான் பதில் வந்தது.

சாயங்காலம் அவளுக்கு வீடு திரும்ப மனம் வரவில்லை. மறுபடியும் அந்தப் பஸ்ஸில் ஏறிப் போனாள். சிம்பாங்கில் காத்திருந்த படகுகளில் அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். பெயர் தெரிந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், தெரியாதவர்களிடம் கேட்டாள். கடைசிப் படகும் மரங்களுக்குள் மறைந்த பிறகு, கணுக்கால் நனைய அங்கேயே நின்றாள்.

"போலாமாம்மா?" என்றார் அழகேசன்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள் பிரிஜெட்.