நாற்பத்தொரு பேருக்கு ஒரே அப்பா

எங்கள் பெண்கள் பள்ளிக்கு சைக்ளோஸ்டைல் மிஷின் வந்தது எழுபதாம் வருஷம். மெழுகுத் தாளில் ஊசிப் பேனாவால் ஒரு தடவை எழுதி, உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் போதும், வகுப்பு முழுவதற்கும் காப்பி வந்துவிடும். அதை முதலில் கும்பிட்டவள் நான்தான். திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து, நாளைக்கு ஆறு வகுப்பு எடுத்து, வாரத்துக்கு இருநூறு கட்டுரை நோட்டு திருத்துகிற தமிழ் டீச்சர் வேறு எதைக் கும்பிடுவாள்?

மறு வருஷம் பதினோராம் வகுப்புக்கு "என் தந்தையின் தொழில்" என்று ஒரு கட்டுரை. வகுப்பில் பேசி, ஒவ்வொருத்தியையும் எழுத வைத்துத் திருத்த எனக்குத் தெம்பில்லை. நானே எழுதி, மிஷினில் ஓட்டி, மனப்பாடம் பண்ணுங்கள் என்று கொடுத்துவிட்டேன். 'என் தந்தை பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகப் பணிபுரிகிறார். மாலையில் மிதிவண்டியில் இல்லம் திரும்புவார். எங்களுக்குப் பழங்கள் வாங்கி வருவார்.' எங்கள் அப்பா ஃபிட்டராக இருந்தது உண்மை. பழம் சுத்தப் பொய். அவரோடு வீட்டுக்கு வந்ததெல்லாம் சாராய வாடைதான்.

செலக்‌ஷன் பரீட்சையில் அதே தலைப்பைக் கேட்டேன். அதில் தேறினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து திருத்தினேன். ஃப்ளோரன்ஸின் அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது, அடக்கத்துக்கு நானே போயிருந்தேன். அவரும் மிதிவண்டியில் இல்லம் திரும்பினார். சிவந்தியின் அப்பாவுக்கு மண்ணடியில் மளிகைக் கடை. அவரும் ஃபிட்டர். ஒரு கமா கூட மாறவில்லை. நாற்பத்தொரு தடவை எங்கள் அப்பா பழத்தோடு வந்தார். எனக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. யார் மேல் எரிச்சல் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

நாற்பத்திரண்டாவது பேப்பர் ரோசியுடையது. கடைசி பெஞ்சு, வாயே திறக்காத பெண். அவள் எழுதியிருந்தாள்:

'எங்க நைனா ஆர்பர்ல கந்தகம் எறக்கறாரு. வூட்டுக்கு வந்தா கண்ணு தொறக்க முடியாது, எரிஞ்சிகினே கீது. அம்மா தண்ணி ஊத்தி ஊத்தி கழுவும். நைனா என் மூஞ்ச நல்லா பாக்கறது ஞாயித்துக்கெயம மாதா கோயில் பூசைல மட்டுந்தான். அதுக்கோசரம் அன்னிக்கி நான் நல்ல பாவாட கட்டிக்குவேன்.'

பேனாவை மூடிவைத்துவிட்டு அதை மறுபடி முதலிலிருந்து படித்தேன். இருபது வருஷ வாத்தியார் வேலையில் ஒரு கட்டுரையையும் நான் இரண்டு தடவை படித்ததில்லை.

ஆனால் எங்கள் பள்ளியில் மார்க் போட ஒரு முறை உண்டு. பேச்சுத் தமிழ் வந்தால் சொல்லுக்கு அரை மார்க் வெட்டு. அப்படி வெட்டினால் ரோசியின் கட்டுரை இருபதுக்கு நாலுகூடத் தேறாது. மற்ற பகுதிகளில் அவளுக்கு இருபத்தாறு. முப்பத்தைந்து வராவிட்டால் பெரிய பரீட்சை கிடையாது, படிப்பு அதோடு சரி.

திங்கட்கிழமை காலையில் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியை மதர் ஸ்டானிஸ்லாஸிடம் போனேன். ரோசிக்குப் பதினைந்து, மற்ற நாற்பத்தொரு பேருக்கும் சைபர் என்றேன்.

"ஐரீன், உடம்பு சரியில்லையா?" என்றார் மதர். "கட்டுரைய எழுதிக் கொடுத்தது நீங்க. மனப்பாடம் பண்ணுங்கன்னு சொன்னதும் நீங்க. அவங்க பண்ணிட்டாங்க. இதுல அவங்க தப்பு என்ன?"

"ரோசி ஒருத்திதான் மதர் நெசத்த எழுதியிருக்கா."

"பெரிய பரீட்சைல யாரோ முன்பின் தெரியாதவங்க திருத்துவாங்க. இந்த பாஷைக்கு அவங்க என்ன போடுவாங்க?"

அதற்கு மேல் என்னால் வழக்காட முடியவில்லை. ஆனாலும் ரோசியை விடமாட்டேன் என்று அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் சந்தை பேரம் மாதிரி முடிந்தது. நாற்பத்தொரு பேருக்கும் பதினாலு. ரோசிக்கு, மதர் கண்ணை மூடிக்கொள்ள, ஒன்பது. சரியாக முப்பத்தைந்து. அங்கேயே நின்று எல்லாப் பேப்பரிலும் சிவப்பு மையில் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

மதியம் ரோசியைக் கூப்பிட்டேன். பாஸ் என்று சொல்லி, நீ ஒருத்திதான் என் கட்டுரையை ஒப்பிக்கவில்லை என்று பாராட்டலாம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்தாள்.

"மன்ச்சிடுங்க டீச்சர். வேணும்னு பண்ல. எனக்கு வந்தது கடசி காப்பி." நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மசி பிடிக்காமல் வெளுத்துப்போன தாள். தலைப்பைத் தவிர ஓர் எழுத்தும் தெரியவில்லை. "பக்கத்துல கேட்டா யாரும் தர்ல. அதான் பரீட்சைல வாய்க்கு வந்தத எய்திட்டேன். தெரிஞ்சிருந்தா நானும் அத்தயே எய்தியிருப்பேன்."

நான் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"நீ பாஸ், ரோசி. நீ எழுதினதுதான் நல்லாருந்துது" என்றேன்.

அவள் நம்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது கலீஜா கீது டீச்சர். பெரிய பரீட்சைக்கி நல்ல காப்பி ஒண்ணு குடுங்க. ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணிடறேன்."

"அந்தக் கட்டுரைல இருக்கறது எங்கப்பா. அவர் ஒரு நாளும் பழம் வாங்கி வந்ததில்ல. நான் எழுதினது பொய், ரோசி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துடுக்கே இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"பொய்யா இருந்தா இன்னா டீச்சர்? அதுக்குத்தான மார்க்கு?"

அந்தப் பொய்க்கு அன்று காலையில் பதினாலு போட்டவள் நான். அவளுடைய அப்பாவுக்கு ஒன்பது.