வந்தால் முழுதாக

ஜனங்களிடம் பணம் திரட்டித் தரும் இரண்டு இணையதளங்களுக்கு, ஒரே கேள்வியை மூன்று பெயர்களில் மூன்று தடவை அனுப்பிப் பார்த்தார் அவர். நாளைக்கே உங்கள் நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டால், ஜனங்கள் என் படத்துக்காகப் போட்ட பணம் யார் கையில் இருக்கும்? முதல் தளத்திலிருந்து மூன்று பேருக்கும் ஒரு எழுத்து பிசகாமல் ஒரே பதில் வந்தது. ஆளே கிடையாது, இயந்திரத்தை உட்கார வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார்கள் என்று முடிவு கட்டினார். இரண்டாவது தளத்திலிருந்து மூன்று விதமான பதில்கள். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்று அதையும் ஓரங்கட்டினார். எப்படிப் பதில் வந்திருந்தால் அவருக்குத் திருப்தியாகியிருக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பல் செட் செய்யும் லேப் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். டாக்டர் அனுப்பிய வாய் அச்சு கைக்கு வந்த மறு நிமிடம் ஃபோனை எடுத்து, இது அந்த நோயாளியுடைய வாய்தானா, நன்றாகப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்துவிடுவார். சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை. டாக்டர்களில் பாதிப் பேர் அவர் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. லேபில் அவருக்கு உளவுத்துறை என்று பெயர். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கையால் செய்த பல் ஒன்றுகூட ஆள் மாறிப் போனதில்லை. இது அவருக்கும் தெரியும் என்பதுதான் பெரிய தொல்லை.

வீட்டுப் பின்னறையில் அவர் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு பொம்மைப் படம். ஒரு சாண் உயரத்தில் ஒரு பஸ் கண்டக்டர். கையை ஒரு நூல் அளவு நகர்த்தி ஒரு படம், இன்னொரு நூல் நகர்த்தி இன்னொரு படம். இப்படிப் பன்னிரண்டு எடுத்தால் ஒரு நொடி ஓடும். முகங்களை லேபில் மிஞ்சும் மெழுகிலும் பல் செட் பிளாஸ்டிக்கிலும் இவர் செய்வார், துணிமணியெல்லாம் மனைவி தைப்பாள். ஆறு வருடத்தில் பதினொரு நிமிடம் சேர்ந்திருக்கிறது. இன்னும் நான்கு நிமிடம் பாக்கி. கடைசிப் பயணி இறங்க வேண்டும், கண்டக்டர் வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குள் கேமராவை இரவல் கொடுத்து வைத்திருந்த ஸ்டுடியோக்காரர் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் கேமரா, விளக்கு எல்லாம் திரும்பப் போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டுமென்றால் லேபுக்குச் சம்பளமில்லாத லீவு போட வேண்டும், சத்தம் சேர்க்க ஒரு ஆள் வேண்டும். நாலு பேரிடம் கேட்டால் நாப்பது பேர் போடுவார்கள், அதற்கென்றே இணையத்தில் தளங்கள் இருக்கின்றன என்று வழி காட்டியது மச்சினன். காட்டிய நாளிலிருந்து, அவனுக்கு இதில் கமிஷன் ஏதாவது உண்டோ என்று இவர் ஒரு கண் வைத்திருக்கிறார்.

மச்சினன் சொன்ன இரண்டு தளங்களில் ஒன்று, கேட்ட தொகை முழுதாகச் சேர்ந்தால்தான் தரும். ஒரு ரூபாய் குறைந்தாலும் போட்டவர்களுக்கே திருப்பிவிடும். மற்றது வந்தது வரைக்கும் தந்துவிடும், கமிஷன் மட்டும் கொஞ்சம் கூட. இவர் அந்தத் தளங்களில் முன்பு பணம் திரட்டியவர்களைத் தேடிப் பிடித்துக் கடிதம் போட்டார். குழந்தைப் பாட்டு ஆல்பம் போட்ட ஒரு பெண் மட்டும் பதில் எழுதினாள். நீங்கள் யார், இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள், அடையாள அட்டையின் நகலை அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம் என்றாள். அவருக்கு முகம் தொங்கிவிட்டது. என்னைப் போய் ஒருத்தி சந்தேகப்படுகிறாளே என்று ராத்திரிச் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை எடுத்துப் போனாள்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முழுதாக வந்தால்தான் தரும் தளத்தையே தேர்ந்தெடுத்துவிட்டதாக அறிவித்தார். கறாரான இடம், அரைகுறைப் பேச்சு கிடையாது என்று காரணமும் சொன்னார். பக்கத்தைத் தயார் செய்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். படத்திலிருந்து ஒரு நிமிடத் துண்டு போட வேண்டுமாம், போட்டிருந்தார். அதன் மேல் தன் பெயரை மூலைக்கு மூலை, குறுக்கும் நெடுக்குமாக, ஜன்னல் கம்பி அடித்த மாதிரி அடித்து வைத்திருந்தார்.

"ஏங்க, இதுல கண்டக்டர் எங்க இருக்கார்?"

"திருடிடுவாங்க. ஒரு நிமிஷம் போதும் அவங்களுக்கு."

யார் அந்த அவங்க என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். கேட்கும் தொகையைப் பார்த்தாள். அவர்கள் இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கைப் போல மூன்று மடங்கு இருந்தது. ஒரு பாதுகாப்புக்கு என்றார் இவர்.

"நானும் பாத்துட்டேதான் இருக்கேன்," என்றாள். "முழுசா வந்தாதான் உண்டுன்னு சொல்ற இடமா பாத்து எடுத்தீங்க. வரவே முடியாத தொகையா பாத்துப் போட்டீங்க. வந்து பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாம மூடியும் வெச்சுட்டீங்க. உங்களுக்கு ஊர்ல எல்லார் மேலயும் சந்தேகம். எனக்கு உங்க மேல மட்டும்தான்."

"என் மேல என்ன?"

"இந்தப் படம் முடிஞ்சிடக் கூடாதுன்னு பாக்கறீங்க."

கோபம் வரும் என்று அவரே எதிர்பார்த்தார், வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி காது மட்டும் சூடாகியது. ஆறு வருடமாக, அடுத்த மாதம் முடித்துவிடுவேன் என்று சொல்வதில் ஒரு சுகம் இருந்தது உண்மைதான். முடியாத படத்தை யாரும் குறை சொல்ல முடியாது. முடிந்தால் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை வருஷம் என்று கேட்டால்? அவர் பயந்துபோயிருந்தார். தளங்களைப் பார்த்து அல்ல.

"நல்லா இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "சில பேர் சொல்லத்தான் செய்வாங்க," என்றாள்.

எழுந்து போய் பீரோவைத் திறந்து, கைக்குட்டையில் மடித்த எதையோ கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு சமையலறைப் பக்கம் போனாள். பிரித்துப் பார்த்தார். ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. கண்டக்டர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள. மடிப்பு விழுந்த இடத்தில் துணி வெளுத்திருந்தது. தைத்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

திரையில், பக்கத்தை வெளியிடலாமா என்ற கேள்வி அப்படியே நின்றது. அவர் பின்னறைக்குப் போய்ப் பொம்மையை எடுத்து வந்தார். அந்தச் சட்டையைப் போட வேண்டுமானால் தோளில் மாட்டிய டிக்கெட் பையை முதலில் கழற்ற வேண்டும். படம் எடுக்கும்போது நழுவாமல் இருக்க அவரே பசை வைத்து ஒட்டிய பை அது. மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்து, பொம்மையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, வாருக்கும் தோளுக்கும் நடுவே மெதுவாக முனையை நுழைத்தார்.