தரை போன வீடு

அக்கா வீட்டை விட்டு இறங்கிய வியாழக்கிழமை, அவள் அறையின் தரையும் அவளோடு இறங்கிப் போனது. பத்தடிக்கு ஒன்பதடி, கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. ஜன்னலோரக் கல் ஒன்றில் மூலை உடைந்திருக்கும். பகல் பதினொரு மணிக்குத் தம்பி எட்டிப் பார்த்தபோது கட்டில் வெறும் மண்ணில் நின்றது. தம்பி வாடகை வீட்டுத் தரகன். வீட்டில் இருக்கும் குறையைக் கண்டும் காணாமல் இருப்பதுதான் அவன் தொழிலே. கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனான்.

அக்கா பெரிய ஹோட்டல் ஒன்றில் பத்தொன்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஒருநாள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிய பிறகும் குரல்கள் நிற்கவில்லை. அவளே போய் டாக்டரைப் பார்த்தாள், மாத்திரை வாங்கிக்கொண்டாள், மறுநாள் வேலைக்கும் போனாள். "மாத்திரை போட்டா பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆயிடுதுடா. அது பாட்டுக்கு ஓடுது, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்று தம்பியிடம் சிரித்தாள். குடும்பத்துக்கோ டாக்டரை விட அறிவு அதிகம். ஹெட்போனால் வந்த வினை என்று முடிவு கட்டி, அவளை வேலையை விட வைத்தார்கள். வேலை போனதும் மணி பார்ப்பது போயிற்று. மணி போனதும் மாத்திரை போயிற்று. குரல்கள் நடுக்கூடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டன.

தம்பி மனைவி கத்திகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வெங்காயம் நறுக்க வேண்டுமென்றால் சாவி தேட வேண்டும். அந்த வீட்டில் கோபத்தில் சொம்பைத் தூக்கி எறிந்தவன் தம்பி ஒருவன்தான். அவனுக்குப் பயந்து யாரும் எதையும் பூட்டவில்லை. "என்னைக்காவது புள்ளைங்க மேல கைய வச்சிட்டா என்னங்க பண்றது?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் தம்பி சொன்னான்: "கொஞ்ச நாள் எங்கயாவது இருந்துட்டு வாக்கா." அக்கா யார் சொன்னாலும் மறுபேச்சுப் பேசாதவள். அன்று அவன் பையில் பதினான்கு காலி வீடுகளின் சாவி இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூடிக் கிடந்த போட்டோ ஸ்டூடியோ வாசலில் அவள் உட்கார்ந்தாள். தரை அவளுக்கு அடியில் விரிந்துகொண்டது. காலையில் எழுந்ததும் துடைத்துவிடுவாள். நடந்துபோகிறவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு விளிம்பில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டப் பழகினார்கள். அவசரக்காரர்கள் சாலையில் இறங்கிச் சுற்றிப் போனார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை. வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்றார்கள். இவர்களுக்கெல்லாம் தெருதான் பிடிக்கும் என்றார்கள். கிட்டப் போனால் கல்லால் அடிப்பாள் என்றார்கள். அந்தத் தெருவில் கல்லடி பட்டது அவள் ஒருத்திதான், மூன்று முறை. மூன்று முறையும் பெட்டிக்கடைக்காரர்தான் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார்.

வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க ஒரு அம்மா படிவத்தோடு வந்தார். பட்டியலில் பெயர் ஏறினால் தங்க இடம், மாதாமாதம் மாத்திரை. படிவத்தில் நான்காவது கேள்வி: தரை எப்படிப்பட்டது? மண்ணா, சிமெண்டா, கல்லா? அந்த அம்மா குனிந்து பார்த்தார், கல் என்று குறித்தார். கல் தரை உள்ளவர் வீடுள்ளவர் என்பது விதி. "இவங்களுக்கு வேற யாராவது இருக்காங்களா?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டார். யாருக்கோ வீடு காட்ட அந்தப் பக்கம் வந்திருந்த தம்பி, காதில் விழாதவன் போலச் சட்டைப் பையில் பேனா தேடினான்.

பட்டியலில் சேராதவள் மேல் புகார் மட்டும் சேர்ந்தது. வேன் வந்தது. மனநல மருத்துவமனையில் ஏழாம் கட்டிலுக்கு அடியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் தோன்றியது; நர்ஸ்கள் அதைத் தனித் துணியால் துடைத்தார்கள். நான்கு மாதத்தில் குரல்கள் பழையபடி பக்கத்து வீட்டு ரேடியோ ஆயின. வார்டு டெலிபோன் அடித்தால் அவள் எடுத்துப் பேசுவாள். கேட்பவர்கள் ஹோட்டலுக்குத் தவறிப் போட்டுவிட்டோமோ என்று வைத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா சொன்ன விலாசத்துக்குக் கடிதம் போய், தம்பி வந்தான். அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் தயாராக இருந்தாள். தலை வாரியிருந்தாள். கவுண்டரில் கேட்டார்கள்: "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

தம்பியின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பரம்பரையில் இருக்கிறதா என்று எவனாவது கேட்டுத் தொலைப்பான். "தெரிஞ்சவங்க" என்றான்.

"தெரிஞ்சவங்க போட முடியாதுங்க."

தம்பி பேனாவை மூடினான். பெஞ்சு பக்கம் திரும்பி, "அக்கா, இன்னொரு நாள் வரேன்..." என்று ஆரம்பித்தான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, பத்தொன்பது வருடம் பேசிய அதே குரலில், அதே பணிவோடு சொன்னாள்: "மன்னிக்கணும், நீங்க கேட்கிற நபர் இங்க இல்லைங்க." பையை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

அவன் வீடு திரும்பியபோது கூடம், சமையலறை, வராந்தா எல்லாமே மண். மனைவி நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மூன்று முறை கல் பதித்துப் பார்த்தார்கள். மூன்று முறையும் மறுநாள் காலையில் மண்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் வேலை நடக்கிறது என்றார்கள். கல்யாணம் ஆயிற்று, பேரன் பிறந்தான், வேலை நடந்துகொண்டே இருக்கிறது. இப்போது வீட்டுக்குள் எல்லோரும் செருப்போடுதான் நடக்கிறார்கள். வெயில் காலத்துக்கு இதுதான் குளுமை என்று தம்பி சொல்லிக்கொள்கிறான்.

ஏழாம் கட்டிலைச் சுற்றி இன்று கூடமும் சமையலறையும் வராந்தாவுமாக ஒரு முழு வீட்டின் தரை இருக்கிறது. பதினோரு வருடமாக நோயாளிகளும் டாக்டர்களும் விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே, குணமாகிவிட்டது, வீடு இல்லை என்று எழுதியிருக்கிறது.