குனிந்த தலையோடு ஒரு இறுதி ஆட்டம்

தையல்காரியின் புருஷனுக்குக் கண்ணுக்குள் வாயு ஏற்றி விழித்திரையை ஒட்டவைத்திருந்தார்கள். சாப்பிட்டாலும் தூங்கினாலும் ஒரு வாரத்துக்கு முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான்காம் நாள் அவருடைய தங்கைக்கு, பில்லியர்ட்ஸ் மாதிரி மேசையில் கோலால் பந்தடிக்கும் 'நைன்-பால்' இறுதி ஆட்டம். "தலையைக் குனிஞ்சு உட்கார வீடா இருந்தா என்ன, ஹாலா இருந்தா என்ன?" என்று புருஷன் ஒற்றைக் காலில் நிற்க, தையல்காரி வேறு வழியில்லாமல் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அந்த ஹாலுக்குள் காலடி வைத்ததில்லை. அந்த ஆட்டக்காரர்களின் பேச்சே அவளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் அவர் போனில் யாரிடமோ, "எல்லாம் நல்லாத்தான் போச்சு, கடைசியில கிஸ் ஆகிக் கெட்டுப்போச்சு" என்று புலம்பியதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பந்தும் பந்தும் வேண்டாத இடத்தில் உரசுவதற்குத்தான் அந்தப் பெயர் என்று தெரிந்த பின்னும் கோபம் முழுசாக ஆறவில்லை. சுலபமான பந்தைப் பயத்தில் தவறவிட்டால் 'நாய் பண்ணிட்டான்' என்பார்கள். வளர்ந்த மனுஷர்கள் பேசுகிற பேச்சா அது?

இன்று அவர் முன்நாற்காலியின் முதுகில் துண்டை மடித்துப் போட்டு, அதில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பார்ப்பதும் சொல்வதும் அவள் வேலை.

"வெள்ளைப் பந்து எங்க?"

"மேசையில."

"மேசையில எங்கம்மா?"

"பார்டர்ல இருந்து ஒரு சாண் உள்ள."

அவர் துண்டுக்குள் சிரித்தார். "அப்படியே சொல்லு. எனக்குப் புரியுது."

அவளும் அப்படியே சொன்னாள். பந்து ஓரத்தில் பட்டுத் திரும்பினால் "மடிச்சு அடிச்சா" என்றாள். அவர் "பேங்க்" என்று முணுமுணுத்தார். மெல்லப் போய் நின்றால் "ஊசி வெச்ச மாதிரி நின்னுடுச்சு" என்றாள். இரண்டு மணி நேரத்தில் தொண்டை வறண்டது. ஆட்டமோ எட்டுக்கு எட்டு என்று வந்து நின்றது. அடுத்ததுதான் கடைசி.

தங்கையை எல்லாரும் கட்டெறும்பு என்பார்கள். அவ்வளவு சின்ன உருவம். எதிரே போன வருஷ சாம்பியன், நெடுநெடுவென்று வளர்ந்தவள். இருப்பதில் சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும், ஒன்பதைக் குழியில் போடுகிறவள் ஜெயித்தாள் என்பது கணக்கு. மேசையில் ஐந்திலிருந்து ஒன்பது வரை மிச்சம் இருந்தன. சாம்பியனால் ஐந்தைப் போட முடியவில்லை. அவள் வெள்ளையை மெதுவாக உருட்டி, எட்டாம் எண் பந்தின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, போய் உட்கார்ந்தாள்.

"சேஃப்டி போட்டுட்டா," என்றார் அவர். "ஐந்து கண்ணுக்குத் தெரியுதா?"

"எங்க தெரியுது? எட்டு மறைச்சுக்கிட்டு நிக்குது."

"மடிச்சு அடிக்க வழி?"

"அந்தப் பக்கம் ஒன்பது நிக்குதுங்க."

 அவர் கால் கட்டைவிரல் செருப்புக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

கட்டெறும்பு மேசையை ஒருமுறை சுற்றி வந்தாள். கூடுதல் நேரம் கேட்டாள். பிறகு மேசை விளிம்பில் ஒரு தொடையை ஏற்றி, கோலைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினாள்.

"என்னங்க, கோலை உலக்கை மாதிரி நேரா பிடிக்கிறா!"

 "அடிப்பாவி. கொஞ்சம் தப்பினா மேசைத் துணியே கிழியுமே, இறுதி ஆட்டத்துலயா?"

கோல் இறங்கியது. வெள்ளைப் பந்து எட்டை விட்டு விலகி, சம்பந்தமே இல்லாத பக்கம் ஓடியது. தொலைந்தது என்று நினைத்தாள். ஓடியது தயங்கியது. பிறகு, யாரும் தொடாமல், எதிலும் படாமல், தானாக வளைந்தது. ரவிக்கையின் கைக்குழிக்குத் துணி வெட்டும்போது கத்தரி திரும்புமே, அந்த வளைவில் எட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. பத்தாயிரம் தடவை அந்த வளைவை வெட்டியவள் அவள். தானாக அப்படி வளையும் ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. 

"சொல்லு! என்ன ஆச்சு?"

 

ஐந்து குழிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. ஹாலில் ஒரு கைதட்டல்கூட இல்லை. சாம்பியன் உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் கோலின் அடியைத் தரையில் பாராட்டாக இரண்டு முறை தட்டினாள். அதற்குப் பிறகுதான் கூரை பிய்ந்தது.

மிச்ச நாலையும் கட்டெறும்பு நிதானமாகப் போட்டு முடித்தாள். கோப்பையை வாங்கியதும் நேரே வந்து, அண்ணன் முன்னால் தரையில் மல்லாந்து படுத்து, அவர் முகத்தைப் பார்த்தாள். "எப்படிண்ணே?"

"உங்க அண்ணிதான் பார்த்தா. அவளைக் கேளு."

"அதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டாள் தையல்காரி.

"மாசே, அண்ணி."

கூட்டம் கலைந்ததும் அவள் மட்டும் மேசையருகே போனாள். வெள்ளைப் பந்து புறப்பட்ட இடத்தில், நீலத் துணியில், எள்ளளவு வெளுத்த புள்ளி ஒன்று இருந்தது. அங்கிருந்து எட்டைச் சுற்றி அது போன வழியை விரலால் தேடினாள். துணியில் ஒரு இழைகூடக் கலைந்திருக்கவில்லை. இருந்தும் விரல் அந்த வளைவிலேயே போய் வந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து அவர், தரையைப் பார்த்தபடியே, போகலாமா என்று இரண்டு தடவை கேட்டும் அவள் காதில் விழவில்லை.