மஞ்சள் காருக்கு இரண்டே இருக்கை

ரவுண்டானாவில் ஹாரன் அடித்தேன். அதுதான் நான் செய்த குற்றம். முன்னால் போன லாரிக்காரர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. "அண்ணே, நானும் வரேன்" என்று சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். நம்மூரில் அது மரியாதை. இந்த ஊரில் அது கெட்ட வார்த்தையாம். பக்கத்தில் இருந்த டிரைவிங் தேர்வதிகாரியின் முகம் மாறியதைப் பார்த்துப் பதறி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவையும் அடித்துவிட்டேன்.

லைசென்ஸ் கிடைக்கவில்லை.

ஏதோ ஒரு சாதாரணக் காராக இருந்தால் பரவாயில்லை. கடல் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் மிக்ஸியும் மெத்தையும் கொண்டுவருவார்கள். நான் என் ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை. மீசை முளைக்கும்போது ஆசைப்பட்டு, முடி கொட்டியபிறகு வாங்கியது. மாதக் கடைசிக்குள் அது இங்கே தகுதிச் சோதனையில் தேற வேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். சோதனைத் தடத்தில் வீட்டு ஆள் ஒருவர் லைசென்ஸோடு ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்கு மறுதேர்வோ அடுத்த மாதம்தான்.

ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன்.

"பேசாம வித்துடலாமா?"

"உங்க இஷ்டம்" என்றாள் மனைவி.

"இல்ல, எப்படியாவது வச்சுக்கலாமா?"

"அதுவும் உங்க இஷ்டம்தான்."

கப்பலில் ஏற்றட்டுமா என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னாள். கல்யாணமானவர்களுக்கு அர்த்தம் புரியும். எனக்கும் புரிந்தது. புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

"மூணு பேர் குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு. என்னை டிக்கியில போடுவீங்களாப்பா?" என்றாள் மகள்.

"இந்தக் காருக்கு டிக்கி முன்னால இருக்கும்மா. வேடிக்கை பாத்துட்டே வரலாம்."

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"நான் பள்ளிக்கூடத்தையே விட்டுட்டு வந்தேன்" என்றாள் மெதுவாக. "பிசிக்ஸ் டீச்சர்னு அங்க எத்தனை பேர் கூப்பிடுவாங்க. இங்க நான் யாரு? நீங்க ஒரு காரைக்கூட விட்டுட்டு வரல."

வாய் கிழியப் பேசுகிறவன் நான். அன்றைக்கு மூன்று தட்டையும் நானே கழுவி வைத்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரரிடம் காரை விற்கப் பேசிவிட்டேன். அதைச் சொல்லலாம் என்று வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் ஒரு அட்டை கிடந்தது. மனைவியின் போட்டோ. கீழே லைசென்ஸ் எண்.

"இது எப்போ?"

"வந்ததுலேருந்தே, நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது வகுப்புக்குப் போயிட்டிருந்தேன். இன்னிக்குத் தேர்வு."

"முதல் தடவையிலேயேவா?"

"நான் ஹாரனைத் தொடவே இல்ல."

விற்கப் பேசியதை நான் அப்போது சொல்லவில்லை. காரின் சோதனை நாளன்று, எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கார் நிறுத்தத்திலிருந்து மேலேறும் சரிவில் நான் "நேரா விடு, நேரா விடு" என்று கத்தினேன்.

"நேரா விட்டா மூக்கு தேயும். கோணமா ஏறணும். கொஞ்சம் வாயை மூடிட்டு வாங்க" என்றாள். ஒரு கீறல் இல்லாமல் ஏறியது. நான் அதே சரிவில் இரண்டு முறை காரை உரசி, தரைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தவன்.

பிரேக், விளக்கு, புகை எல்லாம் தேறியது. மிச்சம் தடம் மட்டும்தான். பஸ் பிடித்து வந்துசேர்ந்த மகளும் நானும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். கார் உறுமிக்கொண்டு வளைவில் நுழைந்தது. உள்ளே அவள் தோள் அசையவில்லை. வளைவு முடிந்ததும் மிதித்தாள் பாருங்கள், மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு "எங்கம்மா! எங்கம்மா!" என்று குதித்தாள். நானும்தான் குதித்தேன். சோதனை அதிகாரி முன்கண்ணாடியில் தேறியதற்கான பச்சை வில்லையை ஒட்டிவிட்டு, "டீச்சர் மாதிரி ஓட்டுறீங்க" என்றார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இந்த ஊருக்கு வந்தபிறகு நான் பார்த்ததே இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் மகள் பக்கத்து இருக்கையில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டாள். நான் ஜன்னலோரம் குனிந்தேன். அந்தக் காருக்கு ரொம்பவே குனிய வேண்டும்.

"விக்கிறதா ஆபீஸ்ல பேசிட்டேன். விளையாட்டில்ல, நிஜமாத்தான். நீ விட்டுட்டு வந்ததுக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல. இப்ப சொல்லு, வச்சுக்கலாமா, வேண்டாமா? என் இஷ்டம்னு மட்டும் சொல்லாதே."

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வச்சுக்கலாம். எனக்கு வேணும். நீங்க பஸ்ல வாங்க."